கொடி கட்டிய காரும் கூசும் விளக்கும்



பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி ஒலித்திடக் கூடாது என்பது சட்டம். ஆகவே சிதம்பரம் கூட்டத்தை ஒன்பது ஐம்பத்தைந்துக்கெல்லாம் முடித்துவிட்டோம். மைக்கைப் பொறுத்தமட்டில் நாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்! மாலைகள் பின்னிருக்கையிலே வாடிக்கிடக்க, முழக்கங்கள் காதிலே ரீங்காரமிட, கடலூர் நோக்கிக் கிளம்பிற்று கார். நாற்கரச் சாலை இருக்கிறது. ஆயினும், ஊர்களுக்குள் நுழைந்து நெளிந்து செல்லும் பழைய சாலையிலேதான் சென்றோம் — வழியிலே இறக்கிவிட வேண்டிய தோழர்கள் மூவர் இருந்தனர். வண்டி, கிளைச் செயலாளர் ஒருவருடையது. முகப்பிலே கொடி. கொடிக்கு நேர் பின்னே, கண்ணாடியின் உட்புறத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவியொன்று, சிவப்புப் பொட்டு மின்ன, சாலையைப் பார்த்தவண்ணம் இருந்தது.

டேஷ்கேம் என்கின்றனர் அதனை. முகப்புக் கண் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஓட்டுபவன் உறங்கினாலும் அது உறங்காது. உடன் வருபவன் உளறினாலும் அது உளறாது. கண்டதைக் கண்டபடி, நாளும் நாழிகையும் குறித்து, நகத்தளவு அட்டையிலே எழுதிவைக்கும் கணக்கப்பிள்ளை அது.

புதுச்சத்திரம் தாண்டிச் சிறிது தொலைவு. கடைசி நடையை முடித்திடும் அவசரத்தில், தனியார் பேருந்தொன்று ஏர்ஹாரன் அதிர எங்களை முந்திற்று. எதிரே ஒரு சிறு வெளிச்சம் — டிவிஎஸ் 50 ஒன்றின் மங்கிய விளக்கு. பேருந்து ஒதுங்கவில்லை, ஒதுங்க எண்ணவுமில்லை. சிறு வெளிச்சம் ஒருமுறை ஆடிற்று, சாலையைவிட்டு இறங்கிற்று, இல்லாது போயிற்று.

நிறுத்தினோம், ஓடினோம். மணலிலே வண்டி சாய்ந்து கிடக்க, அருகே எழுந்து உட்கார்ந்திருந்தார் பெரியவர் ஒருவர். இறால் பண்ணையொன்றில் இரவுக் காவல் பார்ப்பவராம். முழங்காலும் முழங்கையும் உரிந்து இரத்தம், எலும்புக்கு ஏதுமில்லை. சோற்று வாளி கவிழ்ந்து, சோறு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தோம். புகார் கொடுக்கலாம் ஐயா, நாங்கள் உடன் வருகிறோம் என்றேன். அவர் என் கரைவேட்டியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"எந்த வண்டின்னு நான் சொல்ல? சொன்னாலும், என் சொல்லு ஏறுமா தம்பி?"

தோழரே, இருபதாண்டுக் காலமாக மேடையேறுகிறேன். பள்ளி மாணவனாக ஏறியவன், இன்னும் இறங்கவில்லை. என் கேள்விகளுக்கெல்லாம் கைத்தட்டல் கிடைத்திருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஆனால், கார்க் கண்ணாடியிலே ஒட்டிக்கொண்டிருந்த கருவியிடம் இருந்தது.

சொல் ஏறுமா என்கிறாரே, அது வெறும் புலம்பல் அல்ல. அதற்கு விலை உண்டு; ரூபாயிலே கணக்கிட்டுச் சொல்லலாம். இடித்த வண்டி இன்னதெனத் தெரிந்தால், மாண்டவரின் குடும்பம் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வாயிலை மிதித்திடலாம். மாண்டவரின் வயதென்ன, வருவாயென்ன, அவரை நம்பி வாழ்ந்தோர் எத்தனை பேர் என்றெல்லாம் கணக்கிட்டு, வண்டியைக் காப்பீடு செய்த நிறுவனம் தந்தாக வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவெனத் தெரியாவிட்டால்? அதற்கென ஒன்றிய அரசின் திட்டம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செத்தவருக்கு 2 லட்சம். கொடுங்காயமுற்றவருக்கு 50 ஆயிரம். அதற்கு முன்பிருந்த தொகையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது — உயிருக்கு 25,000, காயத்துக்கு 12,500! முப்பது வயதுக் கொத்தனாரானாலும் சரி, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாலும் சரி, ஒரே விலை. ஏன்? வண்டியின் எண்ணை எவரும் பார்க்கவில்லை. தநா 31 என்று தொடங்கும் கடலூர் வண்டியா, 91 என்று தொடங்கும் சிதம்பரம் வண்டியா, இரண்டுமில்லாத வெளியூர் வண்டியா — இருட்டு அறியும். ஏழைக் குடும்பம் அறியாது. தகட்டிலே உள்ள சில எழுத்துக்கள், சில இலக்கங்கள்! அவற்றை எவரேனும் படித்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு நின்றிருக்காது.

இது எங்கோ ஓரிரண்டு இடத்தில் நடப்பதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மடிந்தவர் 1,68,491 பேர் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அவர்களில், இடித்துவிட்டு ஓடிய வண்டிகளால் மடிந்தவர் மட்டும் 30,486. நடந்து சென்றதற்காகவே — ஆம், நடந்து சென்ற குற்றத்துக்காகவே — மாண்டவர் 32,825. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நமக்கு. 64,105. எதெதிலோ முதலிடம் என்று மேடையிலே முழங்குகிறோம். இந்த முதலிடத்தை முழங்குவதில்லை. பகலைவிட இருள் கவியும் வேளையே கொடிது: மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலான மூன்று மணி நேரத்திலேதான், நாளின் வேறெந்த மூன்று மணி நேரத்தைவிடவும் மிகுதியாக விபத்துகள் நேருகின்றன.

நமது சாலையை எண்ணிப் பாருங்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சில நாள் முன்பாக, காவியுடை உடுத்திச் சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் கால்நடையாகக் கிளம்பி வருகிறார்களே, அவர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவிலேதான் நடக்கிறார்கள். கடலூரும் சிதம்பரமும் அவர்கள் வழி. தைப்பூசம் வந்தால் வடலூர் நோக்கி நடப்போர். அரவைக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர்கள், பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாமல், அசையும் கருஞ்சுவர்போல. சிப்காட் வேலை முடிந்து மிதிவண்டியில் திரும்புவோர். மீன்கூடைக்காரப் பெண்கள், விடியுமுன்னே. இவர்கள் எவரிடமும் கேமரா இல்லை! காருக்குள் அமர்ந்திருப்பவனிடந்தான் இருக்கிறது. இடிபடுகிறவன் தெருவிலே, சாட்சி குளிர்பதனத்துக்குள்ளே. இந்த முரண்பாட்டை ஒப்புக்கொள்ளாமல் முகப்புக் கண்ணின் பெருமையைப் பேசுவோர் கருவி விற்பனையாளர்களே தவிர வேறல்லர்.

பெரியபுராணம் அரங்கேறிய ஊர் சிதம்பரம் என்பர். அதிலே வருகிறதே மனுநீதிச் சோழன் கதை — நான் அதைக் கதை என்றே கொள்கிறேன், கொள்வதில் இழப்பில்லை. இளவரசனின் தேர், குறுக்கே துள்ளிய கன்று, சக்கரம் ஏறிற்று, கன்று மாண்டது. தாய்ப்பசு சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனென்றும் பாராமல் தண்டித்தான் என்பதைத்தான் நமக்குப் பள்ளியிலே சொல்லிக்கொடுத்தனர். நாடகம் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு வேறொரு பாத்திரத்தின்மீது கண் செல்கிறது — அமைச்சன். நடந்ததை மன்னனிடம் சொன்னவன் அவன். மறைத்திருக்கலாம், கன்று தானாக வந்து விழுந்தது என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம், ஓட்டியவன் இளவரசன் என்ற சொல்லை விழுங்கியிருக்கலாம். சொன்னான். பசுவிடம் மணி இருந்தது, மெய்தான். மணிக்கு ஓசையுண்டு, மொழியில்லை. மொழி தந்தவன் அமைச்சன். கன்று மாண்டது தலைநகரின் தெருவிலே, பலர் காண. நள்ளிரவில், புதுச்சத்திரத்துக்கு அப்பால், மாண்டிருந்தால்? பசு மணியடித்துக்கொண்டே இருந்திருக்கும்!

பழங்கதை போதும். நமது சாலையிலேயே நடந்ததைக் கூறுகிறேன். 2025 ஜூலை 8. கடலூரை அடுத்த செம்மங்குப்பம். காலை வேளை. ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறைப் பயணிகள் ரயில் மோதிற்று. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளில் மூவர் வீடு திரும்பவில்லை. உடனே வந்த ரயில்வேயின் விளக்கம் என்ன? கேட்டை மூட முற்பட்டபோது, வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட் கீப்பர் விட்டுவிட்டார் என்றது. இல்லை, கேட் திறந்தே கிடந்தது என்றனர் வேனில் இருந்தோரும் ஊராரும். யார் சொல் ஏறும்? சில மணி நேரம், காயத்தோடு கிடந்த ஓட்டுநரின் தலையிலே முழுப் பழியும் இருந்தது. பின்னரே, குரல் பதிவுகள் எல்லாம் வெளிப்பட்டு, பிழை வேறெங்கோ இருந்தது தெரிய வந்தது. கேட் கீப்பர் பணிநீக்கம் செய்யப்பட்டார். கேட்டுகளிலெல்லாம் கேமரா பொருத்துக என்று ரயில்வே அமைச்சர் ஆணையிட்டார். மூன்று பிள்ளைகள் போன பிறகு பிறந்த ஆணை! அங்கே ஒரு கண் இருந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேமரா ரயிலை நிறுத்தாது. ஆனால், சாகாமல் பிழைத்தவன்மீது சாவைச் சுமத்தும் அந்தச் சில மணி நேரக் கொடுமை நேர்ந்திராது.

பட்டப்பகலில், ஊர் கூடி நின்ற இடத்திலேயே உண்மைக்கு இத்தனை இடர்ப்பாடு. இரவிலே கேட்க வேண்டுமா?

இரவென்றதும் விளக்கு நினைவுக்கு வருகிறது. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஒளியியலை முறையாகக் கற்றவனல்லன். ஆனால் நாடக மேடையில் நின்றவன். ஒருமுறை, புதிதாக வந்த விளக்குக்காரப் பையன் குவியொளியை என் கண்ணுக்கு நேராகத் திருப்பிவிட்டான். வசனம் பேசிக்கொண்டே இரண்டடி முன்னே வைத்தேன். மூன்றாவது அடிக்கு மேடை இல்லை! ஆர்மோனியப் பெட்டிமீது விழுந்தேன். அவையோர் அதனையும் நாடகமெனக் கருதிக் கைதட்டினர். எதிரே ஹைபீம் போட்டு வருபவன் செய்வது இதுவே. தன் பாதை தெரிய வேண்டும் என்பதற்காக மற்றவன் பாதையை அழிக்கிறான். விளக்கின் கதிர் எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்ந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. எதிர் வண்டி வரும்போது டிம் அடிப்பது பெருந்தன்மையல்ல; கடமை. முன்பெல்லாம் லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதுபோல டிம் அடித்துக்கொள்வார்களாம். இன்று வெள்ளைவெளேரென்ற எல்இடி விளக்குகளைக் கடையிலே வாங்கி மாட்டிக்கொண்டு, சூரியனுக்கே சவால் விடுகிறோம்.

இதிலே விந்தையொன்றும் உண்டு. எவன் அதிகம் கூசச் செய்கிறானோ, அவனைத்தான் முகப்புக் கண்ணும் பிடிக்க இயலாது! எதிர் விளக்கின் வெள்ளத்திலே அவன் எண் தகடு கரைந்துபோகும். படத்திலே வெறும் வெண்மைதான் மிஞ்சும். அவன் கடந்து போன பிறகு, பின்கண்ணாடியிலே ஒட்டிய இரண்டாவது கண்ணிலேதான் அவன் எண் விழும். ஆகவே, கருவி வாங்கும் தோழர்கள் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என வாங்குவதே பயன். நாளும் நேரமும் சரியாக வைத்திருக்க வேண்டும். நேற்று நடந்ததை எட்டாண்டுக்கு முந்தைய தேதியிட்டுக் காட்டும் கருவியை, எதிர்த்தரப்பு வழக்குரைஞர் இரண்டே கேள்வியில் குப்பைக்கு அனுப்பிவிடுவார். அட்டை நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது அதன் இயல்பு. எனவே ஏதேனும் கண்டால் அன்றிரவே அட்டையைக் கழற்றி வைத்திட வேண்டும். நாளைக்கு என்றால் நாளை அது இராது.

சரி, அன்றிரவுக் கதைக்குத் திரும்புவோம். மறுநாட் காலை, கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அட்டையைக் கணினியிலே போட்டுப் பார்த்தோம். பேருந்து முந்துவது தெளிவு, எண் தெளிவு, சிறு வெளிச்சம் ஆடி மறைவதும் தெளிவு. பலே என்று கூவினார் தோழரொருவர். இன்னும் சற்று முன்னாலிருந்து பார்ப்போம் என்றேன் — நாடகக்காரனுக்கு முதற்காட்சி பார்க்காமல் உறக்கம் வராது. முன்னே தள்ளினோம்.

தோழரே, முன்னே தள்ளியிருக்கக் கூடாது!

சிதம்பரம் எல்லையிலிருந்து அந்த இடம்வரை, ஏறக்குறைய இருபது நிமிடம், எங்கள் கார் ஒருமுறைகூட டிம் அடிக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தின்மீது, தொடர்கோட்டைத் தாண்டி, லாரியொன்றை முந்தினோம். பி.முட்லூர் அருகே, எதிரே மிதிவண்டியிலே வந்த ஒருவர் கையைக் கண்ணுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, தடுமாறி, காலை ஊன்றி, ஓரச் சேற்றிலே இறங்கி நிற்கிறார். அந்த வேளையில் காருக்குள்ளே நான் பேசிக்கொண்டிருப்பதும் பதிவாகியிருக்கிறது — சாமானியனின் உரிமை குறித்து! என் குரல்தான், நல்ல ஏற்ற இறக்கத்தோடு பேசியிருக்கிறேன். கொடி அசைகிறது. சாமானியன் சேற்றில் நிற்கிறான்.

எவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கிளைச் செயலாளர், என் முகத்தைப் பாராமல், மெல்லச் சொன்னார்: "அண்ணே, அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துடுவோம். நமக்கெதுக்கு?"

நான் தலையசைத்தேன். ஆம், தோழரே, தலையசைத்தேன். மறைக்க விரும்பவில்லை. தேர்தல் வரும் காலம், கொடி தெரிகிறது, எதிர்க்கட்சிக்காரன் கையிலே கிடைத்தால் ஊர்சிரிக்கும், குற்றம் பேருந்துடையதுதானே — இத்தனை நியாயங்களும் தேநீர் ஆறுவதற்குள் வந்து வரிசையிலே நின்றன. அரைமணி நேரம் நான் அந்த அமைச்சனாக இருக்கவில்லை. இளவரசனின் தேர்ப்பாகனாக இருந்தேன்.

வெட்டாமல் கொடுத்தோம். அறம் என்னை உலுக்கி எழுப்பிற்று என்று எழுத ஆசைதான், நடந்தது அதுவன்று. உடனிருந்த இளம் வழக்குரைஞர் தோழர் சொன்னார்: வெட்டினால் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் பதிவுக்கேயுரிய ஹாஷ் எண்ணையும் அதிலே குறித்திடச் சொல்கிறது. பதிவிலே ஓர் இமைப்பொழுதைக் கத்தரித்தாலும் எண் மாறிப்போகும். முதல் அட்டையை அப்படியே கொடுப்பதே வழி என்றார். சட்டம் எங்களை யோக்கியர்களாக்கிற்று! காவல் நிலையத்திலே இருந்த அதிகாரி முழுதும் பார்த்தார், சிரித்தார், பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எழுதினார், எங்கள் வண்டிக்கு அபராதச் சீட்டும் எழுதினார். கிளைச் செயலாளர் கட்டினார். நானும் பாதி கொடுத்தேன். பேருந்துமீது விசாரணை நடக்கிறது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன், நம்பாமல் சிரித்தார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நமது மாநாடு, நமது பொதுக்கூட்டம், நமது இல்லத் திருமணம் — முடிந்து திரும்பும் இரவுகளை எண்ணுங்கள். வேன் கூரையிலே தோழர்கள். சன்னலுக்கு வெளியே பாதி உடல். பத்து வண்டி வரிசை, பத்திலும் ஹைபீம், முதல் வண்டி போகும் வேகத்துக்குப் பத்தாவது வண்டியும் போயாக வேண்டும் என்ற பந்தயம். கொடியைக் கண்டால் காவலர் கை தயங்கும் என்ற துணிச்சல். மேடையிலே மக்கள், மக்கள் என்கிறோம். மேடை விட்டிறங்கியதும் மக்களைச் சேற்றிலே இறக்குகிறோம். பிற கட்சியார் இதைவிட மோசம் என்பீர்கள். இருக்கட்டும், அவர்களுக்கு அவர்கள் ஏடு எழுதட்டும்.

உலகம் இதனை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தால், நாட்டுக்கொரு வகை. ருஷ்யாவிலே ஊரெங்கும் கார்களில் கேமரா. 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் வானிலே விண்கல் வெடித்தபோது, உலகமே அதனைப் பார்த்தது அந்தக் கார்க் கேமராக்களால்தான். விண்கல்லுக்காகவா மாட்டியிருந்தார்கள்? காப்பீட்டு மோசடிக்காரனுக்கும், கை நீட்டும் காவலருக்கும் அஞ்சி மாட்டியது! பிரிட்டனில், வேல்ஸ் பகுதியிலே தொடங்கிய 'ஆபரேஷன் ஸ்னாப்' என்ற ஏற்பாட்டின்படி, குடிமக்கள் தம் பதிவைக் காவல்துறைக்கு நேரே அனுப்பலாம். வெட்டாமல் அனுப்பு, வலைத்தளத்திலே ஏற்றாதே, நீதிமன்றம் வந்து சாட்சி சொல்வாயா என மூன்றும் கேட்கிறார்கள். ஜெர்மனியின் உயர் நீதிமன்றம் 2018 மே 15 அன்று, இடைவிடாது பிறரைப் படமெடுப்பது தகாது, ஆயினும் விபத்து வழக்கிலே அந்தப் படத்தைச் சாட்சியாக ஏற்கத் தடையில்லை என்று தீர்த்தது. நமது டில்லியிலும் 2015 முதல், விதிமீறலைப் படமெடுத்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. இப்போது பரிசுத் தொகையோடு. பரிசுக்காக மனிதனை மனிதன் படமெடுப்பது எனக்கு உவப்பில்லை. பெரியவரின் கவிழ்ந்த சோற்று வாளிக்குச் சாட்சி சொல்லப் பரிசெதற்கு?

நமது சட்டத்திலே இடமில்லையா என்றால், இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136அ பிரிவு மின்னணுக் கண்காணிப்பைக் கட்டளையிடுகிறது. 2021 ஆகஸ்டில் வந்த விதியிலே, கண்காணிப்புக் கருவிகளின் பட்டியலில் டேஷ்போர்டு கேமராவும் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அது அரசு பொருத்தும், அரசு சான்றளிக்கும் கருவி. குடிமகனின் கருவிக்கு ஒரு வாயில் வேண்டும்: மாவட்டத்துக்கு ஓரிடம், வெட்டாத பதிவைப் பெற்றுக்கொண்டு சீட்டுத் தரும் இடம், கொடுத்தவனை ஆறுமுறை அலையவைக்காத இடம். கொத்தட்டைச் சுங்கச்சாவடியிலே, பணம் கழிக்க வேண்டிய வண்டியைக் கருவி நொடியிலே கண்டுகொள்கிறது. ஒரு ரூபாய் தவறுவதில்லை. காசுக்கு அத்தனை கூர்மையான கண் வைத்திருக்கும் சாலைக்கு, உயிருக்கு மட்டும் மாலைக்கண்ணா?

ஓட்டுநர்த் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: எங்களை மாட்டிவிடவா இந்தக் கண்? நியாயமான கேள்வி. இடித்துவிட்டுத் தெரிவிக்காமல் ஓடினால் பத்தாண்டுவரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்திலே 106(2) என்ற உட்பிரிவை வைத்தபோது, 2024 சனவரியிலே நாடெங்கும் லாரிகள் நின்றன. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்றார்கள் ஓட்டுநர்கள். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. நேர்மையாக ஓட்டியவனுக்கு முகப்புக் கண்ணைவிட நல்ல வழக்குரைஞன் கிடையாது. செம்மங்குப்பத்து ஓட்டுநருக்கு அது இல்லாமற்போயிற்றே என்பதுதான் என் வருத்தம். ஆனால் ஒன்று: கண் ஓட்டுநரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது முதலாளியின் கண். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. கலெக்‌ஷனுக்கேற்பப் படி என்று சொல்லி, முன்னால் போகும் பேருந்தின் பயணியைப் பின்னால் வருபவன் பறிக்கும்படி பந்தயம் விடுகிறானே, அவன் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. எந்தக் கேமராவிலும் அவன் முகம் விழுவதில்லை. பதிவிலே பேருந்து பறப்பது தெரியும். பறக்கவிட்டவன் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டியது அதிகாரிகளின் வேலை, கேட்கவைக்க வேண்டியது நமது வேலை.

படமெடுத்ததை வலைத்தளத்திலே ஏற்றி, இன்ன சாதிக்காரன் வண்டி, இன்ன கட்சிக்காரன் வண்டி என்று கூச்சலிடும் வேலை நமக்கு வேண்டாம். காருக்குள் எவரோடு எவர் போகிறார் என்று பார்ப்பதும் நமது வேலையன்று. படமெடுத்துக்கொண்டே அடிபட்டவனைத் தாண்டிப் போவது எல்லாவற்றிலும் இழிவு. தூக்கிச் சென்றால் வழக்கிலே மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்துக்கு இப்போது இடமில்லை: உதவியவரைத் துன்புறுத்தக் கூடாதென்று 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 2019இல் 134அ பிரிவாகச் சட்டத்திலேயே ஏறிவிட்டது, சாட்சியாக வரச்சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லாத திட்டம் தமிழகத்திலே 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. முதலில் மனிதன், பிறகு அட்டை.

மாவட்டச் செயற்குழுவின் முன்பு ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன். கட்சிக்கொடி கட்டும் ஒவ்வொரு வண்டியிலும் முன்னும் பின்னும் கேமரா. எவர் கேட்டாலும், நம்மீதே குற்றம் இருந்தாலும், வெட்டாத பதிவு. மறுப்பவர் கொடியை இறக்கிவிட வேண்டும். எதிர்ப்பு இருக்கிறது. நம் கையாலேயே நமக்கு விலங்கா என்று மூத்தவரொருவர் கேட்டிருக்கிறார். அவர்மீது எனக்கு மதிப்புண்டு. அவருக்கான விடையைச் செயற்குழுவிலே சொல்வேன். தீர்மானம் தோற்கவும் கூடும்.

அடுத்த ஞாயிறு பரங்கிப்பேட்டையிலே கூட்டம். கடலூரிலிருந்து நாலு வண்டி கிளம்புகிறது. வரும் தோழர்கள், முதுநகரில் சேரும்போதே கருவியின் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். சென்ற முறை ஒருவர் வண்டியில் அது மூன்று மணி நேரம் பிந்தியிருந்தது. கூரையிலே எவரும் ஏற வேண்டாம். திரும்பும்போது முதல் வண்டி என்னுடையது. டிம் விளக்கிலேதான் வரும். முந்த நினைப்பவர் அதற்கு முன்பே கிளம்பிவிடலாம்.